வேட்டை உரிமமும் வசிப்பிட விதியும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

முன்னுரை

உழவுக்கு முன்னே தோன்றியது வேட்டை. நெல் விதைக்கக் கற்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே மனிதன் மானைத் துரத்தவும், மீனைத் தடவிப் பிடிக்கவும், எலி வளையைத் தோண்டவும் கற்றிருந்தான். அன்று விலங்கும் எவருடைய உடைமையும் அன்று. நிலமும் எவருடைய உடைமையும் அன்று. இன்று நிலைமை வேறு. விலங்கு சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. நிலம் பட்டாதாரர் பெயரில் இருக்கிறது. ஆகவே ஓர் உயிரைப் பிடித்துப் பிழைக்க விரும்புகிறவன் இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டியவனாகிறான். ஒன்று, உரிமம் வழங்கும் அரசின் கதவு; மற்றொன்று, நிலத்துக்கு உரியவரின் கதவு. இரண்டு இடத்திலும் முதலில் எழும் கேள்வி, "நீ எந்த ஊர்?" என்பதே.

விலங்கியல் மாணவனுக்கு இந்தக் கேள்வியில் என்ன வேலை என்று நண்பர்கள் நினைக்கலாம். நான் கும்மிடிப்பூண்டி வட்டத்து இருளர் குடியிற் பிறந்தவன். என் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். ஆய்வுக்கூடத்தில் நாம் கண்ணாடிச் சாடியில் வைத்துப் படிக்கும் உயிரினங்களில் பலவற்றை என் வீட்டார் கையால் பிடித்து வாழ்ந்தவர்கள். எனவே அந்த உயிரினங்களின் உடற்கூறு எனக்கு எவ்வளவு முக்கியமோ, அவற்றைப் பிடிக்கும் உரிமை யாருக்கு என்பதும் அவ்வளவு முக்கியம்.

மான் வேட்டை உரிமத்தில் வசிப்பிட விதியை மிக விரிவாகக் கையாளும் நாடு அமெரிக்கா. ஆகவே அங்கே தொடங்கி, நம் நாட்டுச் சட்டத்துக்கு வந்து, பின்னர் நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பாம்பு, எலி, இறால் ஆகியவற்றைக் காண்போம்.

உள்ளூராருக்கு ஒரு விலை, வெளியூராருக்கு ஒரு விலை

அமெரிக்காவில் காட்டு விலங்குகளை மேலாளும் பொறுப்பு பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தினுடையது. மாநிலத்தில் வசிப்போருக்குக் குறைந்த கட்டணத்திலும், வெளி மாநிலத்தாருக்கு மிகுந்த கட்டணத்திலும் உரிமம் வழங்குவது அங்கு வழக்கம். மான்டானா மாநிலத்தில் 1976-ல் எல்க் என்னும் பெருமானை வேட்டையாட உள்ளூராருக்கு 9 டாலரில் உரிமம் கிடைத்தது. வெளி மாநிலத்தாரோ 225 டாலர் கொடுத்துப் பல விலங்குகளுக்கான கூட்டு உரிமத்தை வாங்க வேண்டியிருந்தது. இது நீதியா என்று சிலர் வழக்குத் தொடுத்தனர். 1978-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. எல்க் வேட்டை பொழுதுபோக்கு, அது பிழைப்புக்கு வழியன்று. ஆதலால் வெளியாரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவதில் தவறில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

அதே நீதிமன்றம் முப்பது ஆண்டுகளுக்கு முன், 1948-ல், வேறொரு வழக்கில் வேறு வகையாகத் தீர்ப்பளித்திருந்தது. தென் கரோலினா மாநிலம் இறால் பிடிக்கும் படகுக்கு உள்ளூராரிடம் 25 டாலரும், வெளியூராரிடம் 2,500 டாலரும் கட்டணமாக விதித்தது. நூறு மடங்கு! இறால் பிடிப்பது ஒருவனுடைய தொழில். வசிப்பிடத்தைக் காட்டி அவனைத் தொழிலிலிருந்து விலக்க முடியாது என்று நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளிவிட்டது.

இவ்விரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. விலங்கைப் பிடிப்பது விளையாட்டு என்றால் வசிப்பிட விதி கட்டண வேறுபாட்டோடு நின்றுவிடும். அது பிழைப்பு என்றால் அதே விதி ஒருவனது சோற்றில் கை வைக்கும். இந்த அளவுகோலைக் கட்டுரை முழுவதும் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இனி நிலத்துக்கு வருவோம். உரிமம் பெற்றுவிட்டதனாலேயே அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கும் உரிமை வந்துவிடுவதில்லை. மான் மேய்வது பெரும்பண்ணைகளில். பண்ணையாளர் வேலியை அடைத்து, பணமுள்ள வெளியூர் வேட்டைக்காரருக்கு வேட்டையைக் குத்தகைக்கு விட்டால், 9 டாலர் உரிமம் வைத்திருக்கும் உள்ளூரான் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். இதற்கு மாற்றாக மான்டானா அரசு 1985 முதல் ஒரு திட்டத்தை நடத்தி வருகிறது. பொதுமக்களை வேட்டைக்கு அனுமதிக்கும் நிலக்காரருக்கு அரசே ஈட்டுத் தொகை தருகிறது. அதற்கான பணத்தின் பெரும்பகுதி வெளியூரார் கட்டும் உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது. உரிமத்தின் வருவாயைக் கொண்டே நிலத்தின் கதவைத் திறக்கும் ஏற்பாடு இது.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வேட்டையை அடியோடு தடுக்கவில்லை. சிறப்பு வேட்டை, பெரு வேட்டை, சிறு வேட்டை, உயிருடன் பிடித்தல் என்று நான்கு வகை உரிமங்களை அது வகுத்திருந்தது. புள்ளிமானும் கடமானும் பெரு வேட்டைக்குரிய அட்டவணையில் இருந்தன. ஆனால் பெரு வேட்டை உரிமம் துப்பாக்கி உடையவனுக்கே பயன்படும். கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்திருக்கிறவனுக்கு அதனால் என்ன பயன்? 1991-ல் வந்த திருத்தம் இவ்வகை உரிமங்களை நீக்கியது. இன்று புள்ளிமானைக் கொல்வது குற்றம். அது அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் கருத்தும். மான் வேட்டையைத் திரும்பக் கொண்டுவரக் கேட்கும் கட்டுரையன்று இது.

எனினும் வசிப்பிடத்தையும் குடியையும் வைத்து வேட்டை உரிமையைக் காக்கும் ஒரு விதி அச்சட்டத்திலேயே உண்டு. நிக்கோபார்த் தீவுகளின் பழங்குடியினருக்கு 1967-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அறிவிக்கையால் அளிக்கப்பட்ட வேட்டை உரிமைகளை இச்சட்டம் பாதிக்காது என்று 65-ஆம் பிரிவு கூறுகிறது. அங்கு வெளியார் பழங்குடிகளின் நிலத்தில் நுழைவதையே 1956-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை கட்டுப்படுத்துகிறது. ஆக, அத்தீவுகளில் பிடிக்கும் உரிமையும் நிலத்தில் நடக்கும் உரிமையும் ஒரே மக்களிடம் சேர்ந்திருக்கின்றன.

தீவுக்கு வெளியே இந்தச் சேர்க்கை இல்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டு நிலத்தின் மீது பழங்குடியினரின் உரிமையை ஏற்றுக்கொண்டது. ஆனால் வேட்டையாடும் மரபுரிமையை வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. அந்த நில உரிமைக்கும் வசிப்பிட நிபந்தனை உண்டு. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்நிலத்தில் இருந்திருக்க வேண்டும். காட்டில் வசித்து, காட்டை நம்பி வாழ்பவராகவும் இருக்க வேண்டும். எங்கள் குடியிருப்போ காட்டில் இல்லை. ஏரிப் புறம்போக்கில் இருக்கிறது. நம் மாவட்டத்து இருளரில் மிகப் பலர் இப்படி ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வாழ்பவர்கள். காட்டுக்காரனும் அல்லன், பட்டாக்காரனும் அல்லன் என்ற இடைவெளியில் அவர்கள் நிற்கிறார்கள்.

பாம்பு பிடிக்கும் உரிமம்

சட்டம் இருளருக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உயிர் காக்கும் மருந்து தயாரிப்பதற்காகப் பாம்பு நஞ்சு எடுக்க அனுமதி வழங்கலாம் என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு.

இதன் வரலாற்றை என் தாத்தா வழியாக நான் அறிவேன். இளமையில் அவர் பாம்புத் தோல் விற்றுப் பிழைத்தவர். 1972-ஆம் ஆண்டுச் சட்டமும், 1976-ல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை முடித்து வைத்தன. அது பற்றி நான் கேட்டபோது, "தோலை வாங்கினவன் வேற யாவாரத்துக்குப் போயிட்டான்பா. புடிச்சவன் எங்க போறது?" என்றார். இக்கேள்விக்கு ஒரு விடையாகத்தான் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது. அதை அமைக்க முன்னின்றவர் ஊர்வன அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கர்.

சங்கத்தின் நடைமுறை விலங்கியல் மாணவர் அறிய வேண்டிய ஒன்று. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு வகைகளையே பிடிக்கிறார்கள். ஒவ்வொரு வகையிலும் எத்தனை பிடிக்கலாம் என்பதை அரசு வரையறுக்கிறது. பிடித்த பாம்பை மண் பானையில் சில வாரங்கள் வைத்திருந்து, நாலு முறை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அடையாளமுள்ள பாம்பு மறுபடி கையில் அகப்பட்டால் அதை எடுப்பதில்லை. அந்த நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி நச்சுமுறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்தனர் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. மருந்தின் தேவையை இதற்கு மேல் விளக்க வேண்டுமோ?

உரிமம் உண்டு, வரம்பும் உண்டு, எல்லாம் நன்று. ஆனால் பாம்பு எங்கே இருக்கிறது? வயல் வரப்பில், எலி வளையில், கரையான் புற்றில், தோப்பு வேலியில். இவற்றில் ஒன்றுகூடப் பிடிக்கிறவனுக்குச் சொந்தமில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் அட்டை அரசின் கதவை மட்டுமே திறக்கும். வரப்பில் நடக்க நிலக்காரரின் மனம் இரங்க வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் வயலாகவும் மேய்ச்சற் காடாகவும் கிடந்த நிலம் சிப்காட் தொழிற்பேட்டையாகிச் சுற்றுச் சுவர்களுக்குள் சென்றபின், மனம் இரங்க நிலக்காரர்கூட அங்கே இல்லை, காவலாளிதான் நிற்கிறார். தொழிற்சாலைக்குள் பாம்பு புகுந்தால் எங்கள் ஆட்களுக்கு ஆள் வரும். பிடித்துக் கொடுத்தபின் கதவு சாத்தப்படும்.

இதற்கு நேர்மாறான செய்தி ஒன்று. 2017-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரண்டு இருளரை வரவழைத்தது. தொடக்க நாட்களிலேயே 13 மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்தார்கள். சாதாரண மக்கள் நுழைய முடியாத வனவிலங்குப் புகலிடத்திலும் அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. வசிப்பிட விதியை அத்தனை விரிவாக எழுதி வைத்திருக்கும் நாடு, தேவை வந்தபோது, "நீ எந்த ஊர்?" என்று கேட்கவில்லை, "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டது. நம் அரசும் 2023-ல் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

எலியும் வரப்பும்

உரிமமே தேவைப்படாத ஓர் உயிரினம் எலி. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் எலியையும் காகத்தையும் தீங்குயிர்கள் என ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. எலியைப் பிடிக்க அன்றும் தடையில்லை, இன்றும் தடையில்லை. ஆகவே உரிமத்தைக் கழித்துவிட்டு நிலத்தை மட்டும் தனியே பார்க்க எலி நமக்கு உதவுகிறது.

அறுவடைக் காலத்தில் வயல் எலி வளைக்குள் நெற்கதிரைச் சேமிக்கிறது. நிலக்காரர் கூப்பிட்டால் நாங்கள் போய் வளையைத் தோண்டுவோம். எலியும் எங்களுக்கு, வளையில் கிடைக்கும் நெல்லும் எங்களுக்கு என்பது பழைய வழக்கம். சட்டியில் வைக்கோலைப் புகையவிட்டு, வாயால் ஊதி வளைக்குள் புகையைச் செலுத்துவார்கள். கையும் உதடும் வேகும், நெஞ்சு கெடும். கையால் சுழற்றிப் புகையூட்டும் இரும்புக் கருவி பின்னர் நம் மாவட்டத்து இருளருக்கு வந்தது. அத்திட்டத்துக்கு 2003-ல் உலக வங்கியின் போட்டியில் பரிசுத் தொகையும் கிடைத்தது. கருவி மூச்சைக் காப்பாற்றியது உண்மை. ஆயினும் வரப்புக்குள் போக நிலக்காரரின் அழைப்பு வேண்டும் என்பதை அது மாற்றவில்லை. வயல் வீட்டுமனையானால் எலியும் இல்லை, அழைப்பும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் என் அப்பா எலி பிடித்த வரப்புகளில் பாதிக்கு மேல் இன்று மனைக் கற்கள் நடப்பட்டுள்ளன.

பழவேற்காட்டுப் பாடு

நம் மாவட்டத்திலேயே எழுதப்படாத வசிப்பிட விதி ஒன்று பலகாலமாக நடைபெற்று வருகிறது. அது பழவேற்காட்டு ஏரியின் பாடு முறை. முகத்துவாரத்தை ஒட்டி இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களைக் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று குப்பத்தாரும் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். அந்தந்தக் குப்பத்துப் பட்டினவர் குலத்து ஆண்களுக்கே பாட்டில் பங்கு.

இதன் நன்மையை மறுக்க முடியாது. சண்டை குறைகிறது; ஒரே இடத்தில் எல்லோரும் வலை விரித்து ஏரியை வற்ற அரிப்பதும் தடைப்படுகிறது. வெளியிலிருந்து எந்த அதிகாரியும் வந்து ஒழுங்குபடுத்தாமல் மீனவர் தாமே காத்துவரும் ஒழுங்கு அது. ஆனால் பாட்டுக்கு வெளியே நிற்பவர் யார் என்றும் பார்க்க வேண்டும். இருளர் வலை வைத்துப் பிடிப்பவர் அல்லர். இடுப்பளவு நீரில் குனிந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்து, பல்லால் கடித்த பறியில் போடுகிறவர்கள். இதில் பெண்களும் உண்டு. அவர்களுக்குப் பாடு இல்லை. ஓரத்து நீர்தான் உண்டு. முப்பது தலைமுறை அந்தக் கரையில் இருந்தாலும் பாட்டின் கணக்கில் அவர்கள் அயலார். ஒரு விதி நல்ல விதியாக இருந்துகொண்டே சிலரை வெளியே நிறுத்தவும் கூடும் என்பதற்கு இதுவே சான்று.

வசிப்பிடத்தை எப்படி மெய்ப்பிப்பது?

வசிப்பிட விதி எங்கே இருந்தாலும் அது ஒரு காகிதத்தைக் கேட்கும். பட்டா, குடும்ப அட்டை, சாதிச் சான்று. தமிழ்நாட்டில் குறிப்பாக நலிந்த பழங்குடிகள் என வகைப்படுத்தப்பட்ட ஆறு குடிகளில் இருளரும் ஒருவர். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் ஏறத்தாழ 1.9 இலட்சம் பேர். இவர்களில் பல குடும்பங்கள் ஆண்டின் சில மாதங்கள் செங்கற் சூளைக்குப் போய்விடுகின்றன. விசாரிக்க வரும் அலுவலர் குடிசை பூட்டிக் கிடப்பதைப் பார்த்து, "இவ்விடம் வசிக்கவில்லை" என்று எழுதிச் செல்வார். பிழைப்புக்காக நகர்கிறவனுக்கு நகர்ந்ததே குற்றமாகிவிடுகிறது. என் சாதிச் சான்றுக்காக என் அப்பா ஓர் அலுவலகத்துக்கு நடந்த நடையில் எத்தனையோ நாட்கூலி போயிற்று. "உங்களுக்குப் பூர்வீகம் எது?" என்று அங்கே கேட்டார்கள். "இந்த ஏரிக்கரைதாங்க" என்றார் அப்பா. ஏரிக்கரை என்று படிவத்தில் எழுத இடமில்லை.

1997 ஜூலையில் செங்கற்பட்டு மாவட்டம் பிரிந்து நம் திருவள்ளூர் மாவட்டம் உருவாயிற்று. எல்லைக் கோடு பாம்புக்குத் தெரியாது, எலிக்கும் தெரியாது. அவற்றைப் பின்தொடர்ந்து போகிறவனுக்கு மட்டும் அது தெரிந்தாக வேண்டியிருக்கிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து நான் கொள்ளும் முடிவு இது. உயிரைப் பிடிக்கும் உரிமமும் நிலத்தில் நடக்கும் உரிமையும் பிரிந்து கிடக்கும் வரை, வசிப்பிட விதி நிலமுடையவனைக் காக்கும்; நிலமில்லாதவனைக் காக்காது. ஆகவே சில கருத்துகளைப் பேராசிரியர்கள் முன்னும் நண்பர்கள் முன்னும் வைக்கிறேன்.

முதலாவது, விளையாட்டையும் பிழைப்பையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. நஞ்சு எடுப்பது பிழைப்பு. அதனோடு பிறர் உயிரைக் காக்கும் பணி. எண்ணிக்கை வரம்பும் அடையாளமிடும் ஒழுங்கும் குறையாமல் இருக்கட்டும். அவை பாம்புக்கும் நல்லவை, பிடிப்பவனுக்கும் நல்லவை.

இரண்டாவது, உரிமத்தோடு வழியும் சேர்த்துத் தரப்பட வேண்டும். மான்டானாவில் உரிமக் கட்டணத்தின் வருவாய் நிலத்தின் கதவைத் திறக்கிறது. இங்கே ஊராட்சியும் தொழிற்பேட்டையும் நிலக்காரரும் கூட்டுறவுச் சங்கத்தோடு எழுத்து மூலம் ஓர் உடன்பாடு செய்துகொண்டால், அட்டை வைத்திருப்பவர் இன்ன நிலத்தில் இன்ன காலத்தில் நுழையலாம் என்பது கெஞ்சிப் பெறும் சலுகையாக இல்லாமல் முறையாகிவிடும்.

மூன்றாவது, வசிப்பிடத்தைப் பூட்டிய கதவைப் பார்த்து முடிவு செய்யலாகாது. ஆறு மாதம் சூளையில் இருந்தாலும் அவன் இந்த மாவட்டத்தான்தான். விசாரணை சூளைக்குப் போகாத பருவத்தில் நடந்தாலே பாதிக் குறை தீரும்.

நான்காவது நமக்கே உரியது. நம் கல்லூரி விலங்கியல் துறை, இந்த வட்டத்துப் பாம்பு, எலி, இறால் வகைகளையும் அவை வாழும் இடங்களையும் அறிந்த இருளப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யலாம். எந்த வளையில் எலி, எந்த வளையில் பாம்பு என்று வாய் மண்ணைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அவ்வறிவு இதுவரை எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. வயல்கள் மனைகளாகி முடிவதற்குள் அதை எழுதி வைக்க இரண்டு கோடை விடுமுறைகள் போதும். துறைத் தலைவர் இசைவு தந்தால் முதல் நாளே குறிப்பேட்டுடன் வர நான் ஆயத்தமாக இருக்கிறேன். வழி காட்ட என் தாத்தாவும் இசைந்திருக்கிறார்.